நீலகிரிக் காடுகளும் மலைமக்களின் அபிப்பிராயமும்

நீலகிரியில் காடு அழிந்தது எவ்வாறு, எவரால் என்று அம்மலையிலேயே பிறந்து வளர்ந்த மக்களைக் கேட்போமாயின், தோடரின் குடியிருப்பான மந்தில் கிடைக்கும் விடைக்கும், அதற்குக் கூப்பிடு தூரத்திலுள்ள படகர் ஊரான ஹட்டியில் கிடைக்கும் விடைக்கும், கூடலூர்ச் சரிவில் பணியர் குடியிருப்பில் கிடைக்கும் விடைக்கும் உள்ள வேற்றுமை, கேட்பவரை முதலில் திகைக்கவே செய்யும். மரம் நட்டதனால் அழிந்தது என்பர் தோடர். தேயிலையால் அழிந்தது என்பர் படகரில் முதியோர். குறும்பர், தோட்டத்தையும் அதன்பின் வந்த சட்டத்தையும் சேர்த்தே குறை கூறுவர். இலங்கையிலிருந்து திரும்பிய தமிழரோ, சர்க்கார் வெட்டச் சொன்ன இடத்தில் வெட்டினோம் என்பர். இவற்றை ஒன்றோடொன்று முரண்படும் பாமரப் பேச்சென்று ஒதுக்கிவிட்டு, வனத்துறையின் ஏடுகளையும் வானிலிருந்து எடுத்த படங்களையும் மட்டுமே ஆதாரமாகக் கொண்டு நீலகிரியின் காட்டுக்கணக்கை எழுத முற்படுவோர், மரங்களின் எண்ணிக்கையை அறிவாரேயன்றி நேர்ந்த நஷ்டத்தை அறியார் என்பது எம் துணிபு. ஒவ்வொரு குடியும் தான் இழந்ததைச் சொல்கிறது. இழந்த பொருள்கள் வெவ்வேறாதலால் விடைகளும் வேறுபடுகின்றன.

மலையின் இயற்கை அமைப்பைச் சற்றே விளங்கிக்கொண்டாலன்றி இவ்வபிப்பிராயங்களின் நியாயம் புலப்படாது. ஏறத்தாழ 2,550 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நீலகிரி மாவட்டத்தின் மேற்பகுதி, 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவைச் சிகரமாகக் கொண்ட பீடபூமி. பூர்வத்தில் அப்பீடபூமி முழுவதும் மரமடர்ந்து இருந்ததில்லை. மலைமடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் மட்டும், பாசி போர்த்துக் குட்டையாய் நெருங்கி வளர்ந்து என்றும் பசுமை மாறாத சோலைகள் நின்றன. அவற்றைச் சூழ்ந்த சரிவுகளும் மேடுகளும், குறிஞ்சிப் புதர்கள் இடையிட்ட புல்வெளியாகவே கிடந்தன. மார்கழி, தை மாதங்களில் திறந்த வெளியில் இறங்கும் உறைபனி சோலை மரத்தின் இளங்கன்றைக் கருக்கிவிடுவதால், சோலை தன் எல்லையைக் கடந்து புல்லுக்குள் புகுவது அரிது. சதுப்புகளின் அடியில் அடுக்கடுக்காய்ப் படிந்த மக்கிய தாவரப் படிவுகளை ஆராய்ந்த விஞ்ஞானிகள், இங்கே புல்வெளி 20,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடையதென்று கண்டிருக்கின்றனர். ஆகவே அது எவரோ காட்டை வெட்டிப் பாழாக்கியதனால் உண்டான தரிசு அன்று. தென்மேற்குப் பருவமழையையும் வடகிழக்குப் பருவமழையையும் வாங்கி, வேர்ப் பின்னலிலும் சதுப்பிலும் தேக்கிவைத்து, பங்குனி வெயிலிலும் ஓடை வற்றாதபடி சிறுகச் சிறுக விடுவித்து, பவானிக்கும் மோயாற்றுக்கும் நீர் அளித்து வந்தது அச்சோலையும் புல்லும் கலந்த அமைப்பே.

1819ஆம் ஆண்டில் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் இம்மலைக்கு வந்ததும், அதன்பின் சில ஆண்டுகளில் உதகமண்டலம் ஒரு நகரமாக எழுந்ததும் யாவரும் அறிந்தவை. குளிர்ப் பிரதேசத்தில் குடியேறியவருக்கு விறகு அன்றாடத் தேவை. நகரத்தின் அடுப்புகளுக்கும், பின்னர் வெலிங்டன் ராணுவ முகாமின் அடுப்புகளுக்கும் அருகிலிருந்த சோலைகள் இரையாயின. சோலை மரம் மிக மெதுவாக வளர்வது. வெட்டிய வேகத்திற்கு அது ஈடுகொடுக்கவில்லை. அந்தப் பற்றாக்குறையைத் தீர்க்கவே 1830களிலும் 1840களிலும் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரத்தையும் கற்பூர மரத்தையும் தருவித்து நட்டனர். கற்பூர மரம் என்று மலைவாசிகள் இன்றும் வழங்குவது யூகலிப்டஸைத்தான். நடுவதற்கு இடம் வேண்டுமே. சோலையைப் பயனுள்ளதென்றும் புல்லை வீணென்றும் மதித்த அக்காலத்து அதிகாரிகளின் கண்ணில், எருமை மேய்ந்துகொண்டிருந்த புல்வெளிகள் வெற்றிடமாகவே பட்டன. நீலகிரியில் நிகழ்ந்த பல தீங்குகளுக்கு வேர் இந்த ஒரு மதிப்பீட்டில் இருப்பதாகவே தோன்றுகிறது.

தோடர் இன்று இரண்டாயிரம் பேர் அளவிலேயே உள்ள சிறு குடியினர். அவர்களுக்கு எருமை வெறும் ஜீவனோபாயம் அன்று. பால் கறத்தலும் கடைதலும் அவர்களிடத்தில் பூசைக்குரிய கர்மங்கள். பாற்கூடமே அவர்கள் கோயில். மலையுச்சிகள் ஒவ்வொன்றும் ஒரு தெய்வத்தின் இருப்பிடம். இத்தகையோருக்குப் புல்லை இழப்பது எதை இழப்பதாகும் என்பதை, கோயில் கூரை வேய்தலை அருகிருந்து பார்த்தவர் எளிதில் உணர்வர். பிரம்பையும் மூங்கிலையும் வளைத்துக் கட்டி, பாதிப் பீப்பாய் வடிவில் எழுப்பி, ஆள் தவழ்ந்தே உட்புகக்கூடிய சிறு வாயில் வைத்த அக்கோயிலுக்குக் கூரையாவது, சதுப்பில் மட்டுமே விளையும் ஒருவகைப் புல். கூரை பழுதுற்ற காலத்தில் பல மந்துகளின் ஆடவர் கூடி, அப்புல்லை அறுத்துக் கட்டுக்கட்டாய்ச் சுமந்து வந்து, விதிமுறை வழுவாமல் வேய்வர். முன்னாளில் மந்தின் அருகிலேயே கிடைத்த அப்புல்லுக்காக இப்போது வெகு தூரம் செல்ல நேர்வது அவர்கள் அடிக்கடி சொல்லும் குறை. சதுப்புகளில் ஒரு பகுதி உருளைக்கிழங்கும் காரட்டும் பயிரிடும் நிலமாயிற்று. மற்றொரு பகுதி, சுற்றிலும் நட்ட மரங்களால் உலர்ந்துபோயிற்று.

தோடரின் மற்றொரு குறை நெருப்பைப் பற்றியது. கோடை தொடங்குமுன் முற்றிய புல்லுக்குப் பகுதி பகுதியாகத் தீயிட்டு, புதுத் துளிர் எழச் செய்வது அவர்களது பரம்பரை வழக்கம். வனச் சட்டம் அதனைக் குற்றமாக்கிற்று. தீயைக் கண்டாலே காட்டுக்குச் சத்துரு என்று எண்ணுவது சமவெளியில் பயின்ற அதிகாரிக்கு இயல்பே. ஆயினும் தீ நின்ற இடங்களில் புல் முரடாகிப் புதர் மண்டியது என்று தோடர் சொல்வதை மேய்ச்சலை அறிந்தவர் மறுக்கத் துணியார். பிற்காலத்தில் சீகைப் புதர் மந்தின் எல்லை வரையில் நெருங்கி வந்தமையால், வெட்டவெளியில் ஒளிய இடமில்லாதிருந்த புலி இப்போது மந்தைக்கு மிக அருகில் மறைந்து நிற்கிறதென்றும் அவர்கள் முறையிடுகின்றனர். மரம் பெருகியதைக் கண்டு மகிழாத மக்களும் உலகில் உண்டோ என்று நகரவாசி வியக்கலாம். தோடரின் மேய்ச்சல் நிலத்தில் வளர்ந்த மரம், அவர்களைப் பொறுத்தமட்டில், அவர்களது காட்டின்மேல் எழுப்பிய சுவரே.

வெள்ளையர் ஆட்சியோடு இது முடிந்திருந்தால் பழியை அவர்மேலேயே போட்டுவிட்டு அமையலாம். சுதந்திரம் பெற்றபின், ஐந்தாண்டுத் திட்டங்களின் உற்சாகத்தில், புல்வெளிகளில் சீகையும் கற்பூர மரமும் முன்னிலும் பெருவாரியாக நடப்பட்டன. சீகைப் பட்டை தோல் பதனிடுவதற்கும், கற்பூர மரமும் சீகையும் சிறுமுகையில் இருந்த விஸ்கோஸ் ஆலையின் மரக்கூழுக்கும் பயன்பட்டன. குந்தா மின்திட்டத்திற்காகக் கனடா தேசத்தின் உதவியுடன் கட்டிய அணைகளின் நீரடியில் மேற்கு நீலகிரியின் புல்வெளிப் பள்ளத்தாக்குகள் சில மூழ்கின. வென்லாக் டௌன்ஸ் என்று பெயர்பெற்ற பெருவெளி துண்டு துண்டாயிற்று. அதில் எஞ்சிய ஒரு பகுதியை, சினிமாப் படம் எடுக்கும் இடமென்பதனால் ‘ஷூட்டிங் மட்டம்’ என்று அழைத்து, ஆயிரக்கணக்கான பிரயாணிகள் இன்று காசு கொடுத்துப் பார்த்துப் போகின்றனர். மலையெங்கும் ஒரு காலத்தில் அவ்வண்ணமே இருந்ததென்று அவர்களுக்குச் சொல்வார் அங்கு ஒருவருமில்லை.

ஓடைகள் வற்றுவதற்குக் கற்பூர மரமே காரணமென்று தோடரும் படகரும் நெடுநாளாகச் சொல்லி வந்தனர். அதனை மூடநம்பிக்கை என்று கருதியோர் பலர். உதகையிலுள்ள மத்திய மண்வள, நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார், கிளன்மார்கன் பகுதியில் ஒரேமாதிரியான இரு சிறு நீர்ப்பிடிப்புகளைத் தேர்ந்து, ஒன்றைப் புல்லும் சோலையுமாகவே விட்டு, மற்றதில் 1972இல் கற்பூர மரம் நட்டு, ஆண்டாண்டாக ஓடைநீரை அளந்தனர். மரம் வளர்ந்த முதற் பத்தாண்டில் நீர்வரத்து ஏறத்தாழ 16 விழுக்காடு குறைந்ததென்றும், வெட்டியபின் அடிமரத்திலிருந்து மீண்டும் தழைத்த இரண்டாம் சுற்றில் குறைவு ஏறத்தாழ நாலில் ஒரு பங்காயிற்றென்றும் கண்டனர். குடத்தோடு ஊற்றுக்குச் சென்ற பெண்கள் அறிந்திருந்த விஷயம் இவ்வாறு சாஸ்திர முறையில் ஊர்ஜிதமாயிற்று. இந்நீர் மலையோடு நிற்பதன்று. பவானிசாகர் அணையில் சேர்ந்து கோபிசெட்டிபாளையம் முதலான ஊர்களின் வயலுக்குப் பாய்வது. ஆயினும் அந்தச் சமவெளி விவசாயியிடம் நீலகிரியின் புல்லைப் பற்றிய அபிப்பிராயத்தை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

படகர் அபிப்பிராயம் இவ்வளவு ஒருமுகமானதன்று. அதில் அவர்களைக் குறை கூறுவதற்கும் இல்லை. மலையில் எண்ணிக்கையால் மிக்க உழவர் அவர்களே. சாமை, ராகி, பார்லி முதலிய தானியங்களை விளைத்து வந்தோர் உருளைக்கிழங்குக்கு மாறி, பிறகு 1970கள் தொட்டுப் பெரும்பாலும் தேயிலைக்கு மாறினர். சிறு தேயிலை விவசாயியின் பிள்ளைகள் படித்ததும் வீடு காரைவீடானதும் அப்பயிரால்தான். ஆதலின் தேயிலை காட்டைத் தின்றது என்று கூறும் முதியவரே அடுத்த வாக்கியத்தில் தேயிலை எங்களைக் காத்தது என்று சொல்லும்போது, அவரிடம் முரண்பாடு காண்பது அநியாயம். 1990களின் இறுதியில் பசுந்தேயிலை விலை பாதிக்கும் கீழாகச் சரிந்தபோதுதான், தானியமும் மேய்ச்சலும் போனபின் நம்பத்தக்க வேறொன்றும் இல்லையே என்ற கவலை ஹட்டிதோறும் வாய்விட்டுப் பேசப்பட்டது. இன்று தேயிலைப் புதர்களுக்கிடையே காட்டெருமைகள் கூட்டமாய்ப் படுத்துக் கிடப்பதும், கோத்தகிரிப் பக்கத்துக் கரடிகள் இரவில் வீட்டு முற்றம் வரை வருவதும் அவர்களுக்கு அன்றாட அனுபவம். விலங்கு ஊருக்குள் வந்துவிட்டது என்பார் இளைஞர். ஊர்தான் விலங்கின் வழியில் வந்தது என்பார் முதியோர்.

விறகு விஷயத்தில் படகப் பெண்களின் வாக்கு தோடரின் வாக்கிலிருந்து பிரிகிறது. சீகை இல்லாதிருந்தால் சோலையில் எஞ்சிய மரமும் அடுப்பெரிக்கப் போயிருக்கும் என்கின்றனர் அவர்கள். இதில் உண்மை உண்டு. தேயிலைத் தொழிற்சாலைகளில் இலை உலர்த்தும் அடுப்பிற்கும் கற்பூர மரமே விறகு.

தைலம் காய்ச்சுவோர் நிலைமையும் இத்தகையதே. கற்பூரத் தோப்பின் ஓரத்தில், ஓடை அருகாக, கரி படிந்த பெரிய கொப்பரை ஒன்று கல்லடுப்பின்மேல் இருக்கும். உதிர்ந்த இலையைச் சருகோடு சருகாய் வாரிக் கொண்டுவந்து அதில் அழுத்தி மிதித்து நிரப்பி, நீர் விட்டு, மூடியைக் களிமண்ணால் பூசி, அடியில் விறகிட்டு எரிப்பர். மேலெழும் ஆவி குழாய் வழியே சென்று குளிர்நீரில் தணிந்து, நீரும் எண்ணெயுமாய்ச் சொட்டும். மேலே மிதக்கும் எண்ணெயை இறுத்துப் புட்டியில் அடைப்பர். நாள் முழுவதும் புகையில் நின்று செய்யும் இத்தொழிலில் ஆதாயம் சொற்பம். எனினும் நிலமற்ற பல குடும்பங்களுக்கு வேறு பற்றுக்கோடு இல்லை. தைல மரத்தை அடியோடு ஒழிக்க வேண்டுமென்று எழுதுகிறவர்கள் அந்தக் கொப்பரையின் அருகில் ஒரு பொழுது நின்று பார்த்தபின் எழுதுவது நலம்.

கிழக்குச் சரிவிலும் தெற்குச் சரிவிலும் வாழும் குறும்பரும் இருளரும் உண்மையிலேயே மரக்காட்டு மக்கள். செங்குத்துப் பாறைகளில் கொடியேணி கட்டித் தேனெடுப்பதும், குங்கிலியம், கிழங்கு, மூலிகை சேகரிப்பதும், காட்டுத்துண்டைத் திருத்திச் சாமை, ராகி விதைத்துச் சில ஆண்டுகளில் இடம் மாறுவதும் அவர்கள் ஜீவனமுறை. காப்பித் தோட்டக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலிற் கைப்பற்றியது இச்சரிவுகளையே. எஞ்சியதை 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்தின் கீழ்ச் சர்க்கார் எல்லைக்கல் நட்டுத் தனதாக்கிற்று. தோட்டக்காரன் ஏக்கர் கணக்கில் வெட்டியதற்கு உத்தரவு இருந்தது. தாம் ஒரு துண்டு திருத்தியதற்கு அபராதம் விதிக்கப்பட்டது என்ற மனக்கசப்பு அவர்களிடம் தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்திருக்கிறது. காடழிவு என்றவுடன் தம்மையே சந்தேகத்தோடு நோக்கும் கண்களை அவர்கள் அறிவர். தேனீ கூடு கட்டும் பெருமரமும், அதற்குப் பூத்தரும் காடும் நிற்காவிடில் தம் பிழைப்பே இல்லையென்று உணர்ந்தவர்களைக் காட்டின் பகைவராய்க் கருதிய கொள்கை எத்துணை அறிவீனமானது!

மேற்கே இறங்கிக் கூடலூர், பந்தலூர்ப் பகுதிக்கு வந்தால் விவகாரம் நிலவுடைமையின் சிக்கலாய் மாறிவிடுகிறது. அங்கே பெருநிலம் நிலம்பூர்க் கோவிலகத்தின் ஜன்மமாக, அதாவது பரம்பரை உடைமையாக, இருந்தது. தோட்டக் கம்பெனிகள் அதைக் குத்தகைக்கு எடுத்தன. மலையாள நாட்டிலிருந்தும் சமவெளியிலிருந்தும் குடியானவர் வந்து காடு திருத்தினர். 1969ஆம் ஆண்டு ஜன்ம நில ஒழிப்புச் சட்டம் எவருக்கு எது என்ற கேள்வியைத் தீர்ப்பதற்குப் பதிலாக நீதிமன்றங்களுக்கு அனுப்பிவைத்தது. ‘செக்‌ஷன் 17 நிலம்’ என்று அச்சட்டத்தின் பிரிவைக் குறித்து அங்குள்ளோர் பெருமூச்சோடு சொல்லும் நிலங்களில் உரிமை இன்னதென்று அறியாமலே இரண்டு தலைமுறை வாழ்ந்துவிட்டது. உரிமை ஐயத்திலிருந்த காலமே மரம் வெட்டுவோருக்குப் பொற்காலம். அவ்வாறு வெட்டுண்டு போவதைக் கண்டு பொறாத கோவிலகத்தைச் சேர்ந்த டி. என். கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 1996 டிசம்பர் 12இல் பிறந்த உத்தரவு, உடைமை எவரதாயினும் காட்டின் இயல்புடைய நிலம் அனைத்திற்கும் வனப் பாதுகாப்புச் சட்டம் பொருந்துமென்று கூறி, இந்தியா முழுவதற்குமே வனநீதியின் அடிப்படையாயிற்று. ஒரு மலைத்தாலுகாவின் துக்கம் தேசத்தின் சட்டத்தை மாற்றியது வியக்கத்தக்கதே.

அந்தக் காடுகளின் ஆதிக்குடிகளான பணியர், காட்டுநாயக்கர், முள்ளுக் குறும்பர் முதலியோரிடம் மட்டும் இவ்விவகாரத்தின் எக்கட்டத்திலும் எவரும் ஆலோசனை கேட்கவில்லை. 1988இல் ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள் கூடலூரில் திரண்டு தம் நில உரிமையைக் கோரினர். அக்காலத்தில் அவர்கள் கைக்கொண்ட உபாயம் சிந்தனைக்குரியது. மரங்களை அப்படியே விட்டு வைத்திருந்த நிலம் எவருமற்ற நிலமாக எண்ணப்பட்டு, வந்தவர்க்கெல்லாம் உரியதாயிற்று; தேயிலை நட்ட நிலமோ நட்டவனுக்குரியதாக மதிக்கப்பட்டது. இதைக் கண்ட ஆதிவாசிகள் தாமும் தம் துண்டு நிலங்களில் தேயிலை நட்டு அனுபோகத்தை நிலைநாட்டினர். காட்டைக் காத்தவனுக்கு உரிமையில்லை, திருத்தியவனுக்கே உரிமை என்று ஒரு நிர்வாகம் பல்லாண்டு போதித்துவிட்டு, பின்னர் மக்கள் காட்டை மதிக்கவில்லையென்று குறைகூறுவது தகுமா?

இலங்கையிலிருந்து வந்தோரைப் பற்றிச் சொல்லாமல் இவ்விசாரணை பூர்த்தியாகாது. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா ஏற்க இசைந்தது. தாயகம் திரும்பிய அத்தோட்டத் தொழிலாளரிற் பலரை நீலகிரியில் குடியமர்த்தும் பொருட்டுத் தமிழ்நாட்டுச் சர்க்கார் 1968 முதல் வனநிலங்களைத் திருத்தித் தேயிலை பயிரிடலாயிற்று. அதுவே பின்னர் ‘டான்டீ’ என்ற தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. இலங்கை மலைநாட்டில் நான்கு தலைமுறை உழைத்தும் குடியுரிமை மறுக்கப்பட்டு, முன்பின் கண்டிராத ஊரில் கப்பலேறி வந்திறங்கியவர்களுக்குக் கையில் கொடுக்கப்பட்டது கத்தியும் மண்வெட்டியும். அவர்கள் சோலையை அழித்தார்கள் என்று மலையில் சிலர் பழிப்பது எம் செவிக்கு மிகவும் கொடிதாகப் படுகிறது. அம்மக்களின் லயத்து வீடுகள் இன்றும் கழகத்தின் உடைமை. காலடியிலுள்ள மண் வனத்துறையின் குத்தகை நிலம். தோட்டத்தை வனமாகத் திருப்பி ஒப்படைப்பது பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் மூன்றாம் முறையாக வேரறுக்கப்படுவோமோ என்று அவர்கள் அஞ்சுகின்றனர்.

காப்புச் சட்டங்கள் வந்த பிறகாவது அபிப்பிராயங்கள் இணங்கினவா என்றால், அதுவும் இல்லை. 2007இல் முதுமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டபோது மசினகுடி முதலிய ஊர்களில் எதிர்ப்பு எழுந்தது. சீகூர்ப் பீடபூமியில் யானை வழித்தடத்தை அடைத்த விடுதிகளுக்கு எதிரான தீர்ப்பை 2020இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தபோது, வெளியூர் முதலாளியின் விடுதியையும் உள்ளூர் ஏழையின் வீட்டையும் ஒரே வரைபடத்தால் அளக்கலாமா என்று அங்குள்ளோர் கேட்டனர். அக்கேள்விக்குத் தக்க மறுமொழி இன்னும் கிடைத்தபாடில்லை.

2009 நவம்பரில் பெருமழையால் மலை சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இவ்விரு சம்பவங்களுக்குப் பின்னரே, செங்குத்துச் சரிவை வெட்டிக் கட்டடம் எழுப்புவதையும் ஓடையின் வழியை மறிப்பதையும் பற்றி எல்லாக் குடியினரும் ஏறக்குறைய ஒரே குரலில் பேசக் கேட்கிறோம்.

இப்போது சீகை முதலிய அந்நிய மரங்களை அகற்றிப் புல்லையும் சோலையையும் மீட்கும் வேலை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுகளாலும், 2022இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட கொள்கையாலும் தொடங்கியிருக்கிறது. நூற்றைம்பது ஆண்டுகளாகத் தோடர் சொல்லி வந்ததைச் சர்க்கார் ஏற்றுக்கொண்டதற்கு இது சமானம், மனமார வரவேற்கிறோம். ஆனால் ஓர் ஒப்பந்தக்காரரிடம் மரத்தை ஏலம் விட்டுவிடுவதால் புல் முளைத்துவிடாது. விறகுக்கு மாற்று வகுக்காமல் ஹட்டிக்கு அருகிலுள்ள சீகையை வெட்டினால் சுமை அடுத்த சோலைமேல் விழும். ஆகவே படகப் பெண்களைக் கேளாமல் எந்தத் தோப்பிலும் கைவைக்கலாகாது. தீயைப் பற்றிய வழக்கோ இன்னும் நுட்பமானது. சீகை விதை மண்ணுக்குள் பல்லாண்டு உயிரோடு கிடப்பது. சூடு பட்டால் ஒருங்கே முளைப்பது. ஆதலால் சீகை நின்ற சரிவில் உடனே தீயிட்டால் சீகையே திரும்பி வரும். தீயே இடாமல் விட்டால் எஞ்சிய பழம்புல்லும் புதராகும். எந்தச் சரிவில், எத்தனை ஆண்டு கையால் கன்று பிடுங்கியபின், எந்த மாதத்தில் தீயிடலாம் என்பதை, முன்பு அங்கே எருமை மேய்த்த மந்தின் முதியவரும் தாவர நூல் வல்லாரும் அந்தந்தச் சரிவிலேயே நின்று தீர்மானிக்க வேண்டும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் கிராம சபைக்கு வனத்தைக் காக்கும் அதிகாரத்தை வழங்கியிருப்பதால், அப்படியொரு கூட்டத்தைக் கூட்டுவதற்குப் புதுச் சட்டம் ஒன்றும் வேண்டியதில்லை.